பதினொரு படி மொச்சை

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை, தென் சென்னையில் நான்கு குடும்பங்களுக்கு மொச்சைக்கொட்டையில் விஷம் வைத்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். அரைகுறையாக இல்லை, முழுசாக. போலீஸ் ஜீப்பில் எந்தப் பக்கம் உட்காரவைப்பார்கள், ஜன்னலோரம் கேட்டால் கொடுப்பார்களா என்பதுவரை யோசித்துவிட்டேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. தலையில் முடி இல்லாவிட்டாலும் மூளை இருக்கும் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு இரண்டும் இல்லை.

எனக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் சனிவரை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு நட்டும் போல்ட்டும் வாங்கிப் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெசன்ட் நகரில், தெரிந்தவர் ஒருவரின் வீட்டு வாசல் வேப்பமர நிழலில், ஒரு மடக்கு மேஜையை விரித்துப் போட்டு, செய்யாறு தாண்டி ஒரு கிராமத்துப் பெண்கள் பதினொரு பேர் விளைவித்ததை விற்பேன். அவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். கிணறு கிடையாது. மழை பெய்தால் உண்டு. நிலக்கடலைக்கு நடுவே நாலு வரிசைக்கு ஒரு வரிசை மொச்சையும் துவரையும் போடுவார்கள். கடலை கைவிட்டாலும் மொச்சை கைவிடாது என்பது அந்த ஊர்க் கணக்கு. பட்டறை நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்கு அங்கே போனவன், திரும்பும்போது ஒரு பை மொச்சையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டார் கேட்டார்கள். அடுத்த மாதம் ஒரு மூட்டை. அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. கிராம முன்னேற்றம் என்ற அந்தப் பெரிய காரியத்தை ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, நான் இட்லி சாப்பிடப் போய்விடுவேன்.

சும்மா விற்றால் போதாது என்று ஒரு துண்டுப் பிரசுரமும் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒன்று கொடுப்பேன். தலைப்பு, 'சிவப்பைக் கண்டால் விலகு'. கடையில் விற்கிற விதைகளுக்குப் பூஞ்சாண மருந்து தடவி, அது விஷம் என்று தெரிவதற்காகவே சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதைச் சமைக்காதே, கோழிக்குக்கூடப் போடாதே, தொட்டால் கையைக் கழுவு. எங்கள் மேஜைக்கு அப்படிப்பட்ட விதையில் விளைந்தது எதுவும் வராது. இப்படிப் போகும். படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நான் என் வாழ்நாளில் மருந்து தடவிய விதையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அந்தப் பதினொரு பேருக்கும் முன்னே நின்று பேசுகிற அம்மாள் ஒருவர் உண்டு. என் வயதுதான் இருக்கும். என்னை 'சார்' என்பார். ஆனால் அந்த 'சார்' பள்ளிக்கூடத்தில் மக்குப் பையனை வாத்தியார் 'வாங்க தொரை' என்று கூப்பிடுகிற தொனியில் இருக்கும். ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவர் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டையோடு வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஏதோ ஊருக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். இங்கே பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிற மகளுக்குக் காய்ச்சல்; இரண்டு நாள் ஹாஸ்டலில் கூட இருக்க வேண்டும்; அங்கே மூட்டையை உள்ளே விட மாட்டார்கள்.

எங்கள் பால்கனியில் ஏற்கெனவே ஒரு மூட்டை மொச்சை இருந்தது. போன வாரம் செய்யாறு பஸ்ஸில் வந்தது, சணல் கயிற்றால் கட்டியது. இது மஞ்சள் தடவிய நூல்கயிற்றால் கட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

"கடைக்கு ஆவறது ஆவட்டும் சார். மீதிய புதங்கெழமை வந்து எடுத்துக்கினு போறேன்" என்றார்.

"பத்திரமா இருக்கும்மா, கவலையே படாதீங்க" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடமெல்லாம் விளங்கியதில்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை எந்த மூட்டையைப் பிரிப்பது என்று எனக்கு யோசனையே வரவில்லை. மஞ்சள் கயிறு மங்களகரமாக இருந்தது. பிரித்தேன். உள்ளே மொச்சை ஒவ்வொன்றும் குண்டு குண்டாக, செக்கச்செவேல் என்று ஏதோ பூசினாற்போல் இருந்தது. மண் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்தேன். அந்த வாரத்தில் நான் சரியாக நினைத்தது அது ஒன்றுதான். அதையும் மறுநாள் விட்டுவிட்டேன். மேஜையில் கொட்டி வைத்து, "பூமித்தாயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கா பாருங்க, கழுவிட்டு ஊறப்போடுங்க" என்று கூவினேன். அவர்கள் கொடுத்த தகரப் படியால் தலைதட்டி அளந்து விற்பேன். அது ஒரு பந்தா. கோட்டூர்புரத்திலிருந்து நடக்க வருகிற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஒரு படி வாங்கினார். மயிலாப்பூர் மாமி ஒரு படி. தி.நகரில் தையல் கடை வைத்திருக்கும் பாய் இரண்டு படி. ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற அம்மா எப்போதும்போல மூன்று படி. கருவாட்டுக் குழம்புக்கு இந்த மொச்சைதான் வேண்டும் என்பார். ஏழு படி போயிற்று. மூட்டையில் நாலு படி மிச்சம்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கோட்டூர்புரத்து அதிகாரி போன் செய்தார். அவர் கோபப்படுகிறவர் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"உங்க நோட்டீஸைப் படிச்சேன். ரொம்ப நல்லா இருந்தது" என்றார்.

"நன்றி சார்."

"சிவப்பா இருந்தா விஷம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"நீங்க கொடுத்த மொச்சை சிவப்பா இருக்கே?"

மண் என்று நேற்று எனக்குத் தெரிந்தது, அந்த ஒரு கேள்வியில் சாயமாகிவிட்டது. அவர் தொடர்ந்தார்: "நான் சமைக்கலை. ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். தேதி, நேரமெல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன். தேவைப்படும்." எதற்குத் தேவைப்படும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீதிபதிக்கு முன்னால் அந்தப் பொட்டலம் மேஜைமேல் இருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சீட்டு ஒட்டிய பக்கம் கேமராவைப் பார்த்திருந்தது.

மூட்டை கொண்டுவந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். அவர் போன் எப்போதும் அப்படித்தான்; சார்ஜ் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த விரல்களால்தானே நேற்று காலை முழுவதும் அள்ளிப் போட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கை உடனே அரிக்கத் தொடங்கியது. பாத்திரம் தேய்க்கும் சோப்பால் ஐந்து முறை கழுவினேன். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். நீலமாக இருக்குமோ என்று பயம். காபி நிறத்தில் இருந்தது. காபி குடித்திருந்தேன்.

மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

"போன் எடுக்கலை."

"புதன்கிழமை வருவாங்கல்ல. அதுவரைக்கும் எல்லாருக்கும் போனைப் போட்டு சமைக்காம வைங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதையும் செய்யாதீங்க."

"சரி."

"உங்களைத்தான். எதையும் செய்யாதீங்க."

இருபத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் அவள். இரண்டு முறை சொன்னாள் என்றால் காரணம் இருக்கும்.

முதலில் தையல் கடை பாய்க்குப் போன் செய்தேன். 'சமைக்காமல் வையுங்கள்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "பாய், அதைத் தூக்கிக் குப்பையில போட்டுடுங்க, உடனே, கையில தொடாதீங்க!"

"என்னா சார், பூச்சியா?"

"அதைவிட மோசம்."

"அட, இதுக்கா இப்படிப் பதர்றீங்க. இன்னும் பிரிக்கவே இல்லே. வண்டி வந்துட்டிருக்கு, போட்டுடறேன். விடுங்க சார்." அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார். இரண்டு படி அப்படிப் போயிற்று.

மாமி போன் எடுக்கவில்லை. அதுவே எனக்குப் போதும். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி ஆட்டோவில் போகும்போது, கதவைத் தட்டுவேன், திறக்காது, பக்கத்து வீட்டார் வருவார்கள், உடைப்பார்கள் என்று வரிசையாக ஓடிற்று. கதவு திறந்தே இருந்தது. மாமி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, மொச்சை..."

"ஏ ஒன். நேத்து ராத்திரியே வத்தக்குழம்புல போட்டாச்சு, காலம்பற மிச்சத்தைச் சுண்டலும் பண்ணியாச்சு. ஆத்துல எல்லாரும் சாப்ட்டுட்டு ஆபீஸ் போயாச்சு."

"மொத்தத்தையுமா?"

"பின்ன? எட்டுப் பேர் இருக்கோமோன்னோ. ஏன் இப்படி வேர்க்கறது உங்களுக்கு?"

"மாமாவுக்கு வயிறு ஏதாவது..."

"அவருக்கு எப்பவுமே வயிறு ஏதாவதுதான்."

எட்டுப் பேர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினேன். மாமியின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன், கடைசியாகப் பார்ப்பது போல. அவர், "கதவைச் சாத்திண்டு போங்கோ, பூனை வரும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அடுத்து நான் செய்ததுதான் இந்தக் கதையில் பெரிய முட்டாள்தனம். பால்கனியில் மிச்சம் நாலு படி இருந்தது. சாட்சியம். போலீஸ் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். 'எதையும் செய்யாதீங்க' என்ற குரல் காதில் இருந்தது. அது மனைவியின் குரல். ஜெயிலுக்குப் போகப் போவது நான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெரு முனையைத் தாண்டி பக்கிங்காம் கால்வாய்க் கரைக்குப் போனேன். யாரும் பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்ததில், அதுவரை என்னைப் பார்க்காதவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கரைச் சரிவில் நின்று மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அந்தக் கறுப்புத் தண்ணீரில் மொச்சை விழும்போது சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. சாக்கைத் துவைத்து பால்கனிக் கொடியில் காயப்போட்டேன். மஞ்சள் கயிறு தரையில் கிடந்தது. அதைக் கவனிக்கவில்லை.

பிறகு ஊரூர் குப்பம். மூன்று படி. மீன்கார அம்மா படகுகளுக்குப் பக்கத்தில் குடை நிழலில் கடை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா நைனா, ஆபீஸ் இல்லியா? மூஞ்சி வவ்வா மீன் மாதிரி வெளுத்துக்கினு கீது."

"மொச்சை எங்கம்மா? ஆக்கிட்டீங்களா?"

"ஒரு படி அக்கம் பக்கத்துல குட்த்து, நேத்தே ஆக்கித் துன்ட்டாங்க. ரெண்டு படி கீது. இன்னா இப்போ?"

"தொடாதீங்க. விஷம். அது விஷம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கைப்பிடி மொச்சையை எடுத்து வந்தார். கட்டைவிரலால் ஒன்றைத் தேய்த்தார். சிவப்பு வந்தது. அந்த விரலை அப்படியே நாக்கில் வைத்தார்.

நான் கத்திய கத்தலில் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

அவர் துப்பினார். "மண்ணு நைனா. செம்மண்ணு. கொஞ்சம் வசம்பு காரம் அடிக்குது. விஷமாம்! யாரு சொன்னது உனுக்கு?"

நானேதான் சொல்லிக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? மணல்மேல் உட்கார்ந்துவிட்டேன். மாமி வீட்டு எட்டுப் பேரும் உயிரோடு எழுந்து வந்தார்கள். ஜீப் திரும்பிப் போயிற்று. மணி மூன்று. இவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. அது அதிகம் போனால் அரை நிமிஷம் இருந்திருக்கும்.

அவர் கையிலிருந்த மொச்சையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கம்மா ஊரு காஞ்சீவரம் பக்கம். அங்கயும் இப்டித்தான் செம்மண்ணு கரைச்சிப் பூசிக் காய வெப்பாங்கோ, வண்டு அடிக்காம. ஆனா துன்றதுக்கு வெக்கறதுல சொத்தையும் நொறுங்கலும் கலந்து கீது. இதுல பாரு, ஒண்ணு ஒண்ணும் பொறுக்கி எடுத்தது. இது வெதைக்கு வெச்சது நைனா. நேத்தே நெனச்சேன். வெதையப் போயி எதுக்கு இவரு விக்கறாருன்னு."

"விதையா?"

"மஞ்சக் கயிறு கட்டி வந்திருக்குமே?"

பயம் இரண்டாம் முறை வந்தபோது வேறு மாதிரி வந்தது. காலையில் வந்தது வேர்க்கவைத்தது. இது வேர்வையை நிறுத்தியது. ஆடி மாதம். பதினொரு பெண்கள். நாலு, ஏழு, கூட்டினால் பதினொரு படி. ஆளுக்கு ஒரு படி. இந்தக் கணக்கைப் போடப் பட்டறையில் கால்குலேட்டர் தேடுகிறவன், அன்றைக்கு மனக்கணக்காகவே போட்டுவிட்டேன்.

இரண்டு படியையும் எதுவும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். "போ, போ. சீக்கிரம் போய்ச் சேரு" என்றார்.

வீட்டு மாடிப்படியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை வர வேண்டியவர்.

"இன்னா சார், பூட்டிக்கினு எங்க பூட்டீங்க? புள்ளைக்கு ஜொரம் வுட்டுருச்சி. ஊர்ல நேத்து நல்ல மழையாம், அவ போனுக்குச் சொன்னாங்கோ. ஈரம் காயறதுக்குள்ள போட்டுறணும். மூட்டைய எடுங்க, அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சா ஆச்சி."

கதவைத் திறந்தேன். அவர் நேரே பால்கனிக்குப் போனார். சணல் கயிறு கட்டிய மூட்டை அப்படியே இருந்தது. பக்கத்தில் காலி இடம். கொடியில் ஈரச் சாக்கு. கீழே மஞ்சள் கயிறு. அவர் அதைக் குனிந்து எடுத்தார்.

"இது எப்படி சார் அவுந்துச்சி?"

சொன்னேன். ஜோக் அடித்துச் சொல்லிப் பார்த்தேன். என் பழக்கம் அது. போலீஸ் ஜீப், நீல நாக்கு, எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார். கால்வாய் என்று சொன்ன இடத்தில் மட்டும், "இன்னா?" என்றார்.

"கொட்டிட்டேம்மா."

"வெதைய?"

"விஷம்னு நெனச்சு..."

"எங்க வெதைய நாங்க மருந்து தடவி உங்ககிட்ட குடுப்போமா சார்? ஆறு வருசமா வந்துகினு கீறீங்கோ." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மஞ்சக் கயிறு கட்டினா, எங்கூர்ல பசியில செத்தாலும் அத்தை யாரும் தொடமாட்டாங்கோ. அதான் சார் நான் வாயத் தொறந்து சொல்லலை. சொல்லியிருக்கணும்."

குற்றத்தில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் மீதி விவரமும் தெரிந்தது. போன தை மாதம் காய் பறிக்கிற நேரத்தில் அடைமழை பிடித்து, அவர்கள் ஊர் மொச்சை செடியிலேயே முளைகட்டிப் போய்விட்டது. மழைக்கு முன்னால் பறித்த கொஞ்சம்தான் கறிக்கு மிஞ்சியது. சணல் கயிறு கட்டிய மூட்டை அதுதான். விதைக்கு ஆகிற தரத்தில் ஒரு பிடி இல்லை. அதனால் ஊத்துக்கோட்டைப் பக்கம் உறவுக்கார ஊரில் போய்ப் பதினொரு படி கைமாற்று வாங்கி வந்திருந்தார். அடுத்த வருஷம் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். இருபது நாள் மழை தள்ளிப்போனாலும் தாக்குப்பிடிக்கிற மொச்சை அது. அங்கேயும் இனிமேல் கேட்க முடியாது, அவர்களும் விதைத்திருப்பார்கள்.

"எந்த எடம்? காட்டுங்க" என்றார்.

கால்வாய்க் கரைக்குக் கூட்டிப் போனேன். மேலே ரயில் ஒன்று போயிற்று. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தண்ணி எங்க சார் போவுது?"

"அடையாத்துக்கு. அங்கேருந்து கடலுக்கு."

"அப்ப சரி" என்றார். எதற்குச் சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு சேலையைச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினார். கவிழ்த்தபோது கரையில் சிதறியது ஏதாவது இருக்கும் என்று. பாட்டில் மூடிகளுக்கும் பாலித்தீன் பைகளுக்கும் நடுவே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கால் வழுக்கினால் நேரே சாக்கடைதான். நானும் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அந்தத் தண்ணீரில் தெரிந்தாலும் பயன் இல்லை. பொறுக்கும்போது ஏதாவது பேசி அவரைச் சிரிக்கவைத்துவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். கடைசியில் அவர் முந்தானை முடிச்சில் ஒரு கைப்பிடி சேர்ந்தது.

அஞ்சு மணி பஸ் போய்விட்டது. கோட்டூர்புரத்துக்கு ஆட்டோ பிடித்தோம். பாய்க்கு ஆட்டோவிலிருந்தே போன் செய்தேன். குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டதாம். "நீங்கதானே சார் போடச் சொன்னீங்க" என்றார். ஆமாம் என்றேன்.

ஓய்வுபெற்ற அதிகாரி ஃப்ரிட்ஜைத் திறக்கத் தயங்கினார். "இதைப் பரிசோதனைக்கு அனுப்பறதா இருக்கேன்" என்றார். அந்த அம்மாள் ஒரு மொச்சையை வாங்கி, எச்சில் தொட்டுத் தேய்த்து, அவருடைய வெள்ளை மேஜைவிரிப்பில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். "மண்ணுங்க. தொவைச்சாப் பூடும்" என்றார். அதிகாரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். சீட்டு ஒட்டியபடியே இருந்தது. கூடவே என் துண்டுப் பிரசுரத்தையும் மடித்துக் கொடுத்தார். அதுவும் சாட்சியம்தானே.

கோயம்பேடு போகிற வழியெல்லாம் அந்த அம்மாள் அதைப் படித்துக்கொண்டே வந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஈக்காட்டுத்தாங்கல் தாண்டும்போது நிமிர்ந்தார்.

"யாரு சார் இத்தை எழுதனது?"

"நான்தாம்மா."

"நல்லாத்தான் எழுதிக்கீறீங்கோ" என்று சொல்லி, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மடியில் மூன்று படி, முந்தானையில் ஒரு கைப்பிடி. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "பயந்துக்காதீங்க சார், பூடுங்க வூட்டுக்கு" என்றார்.

பயந்துகொண்டே போனேன். மனைவி கொடியில் கிடந்த சாக்கையும் என்னையும் பார்த்தாள். "எதையாவது செஞ்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். கூப்பிட்டால் போவோம் என்றிருந்தால் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். பதினொரு பேரும் வரிசையாக நின்று அடிக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுகூட ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். யாரும் நிற்கவில்லை. எல்லோரும் நிலத்தில் இருந்தார்கள். ஈரம் காய்வதற்குள் வேலை முடிய வேண்டும்.

மூன்று படியைப் பதினொன்றாகப் பிரித்தால் யாருக்கும் பயன்படாது என்று அவர்களே பேசி முடிவு செய்திருந்தார்கள். ஊர்க்கோடியில் கொஞ்சம் ஈரம் தங்குகிற நிலம் ஒருத்திக்கு இருந்தது. மூன்று படியையும் கால்வாய்க் கைப்பிடியையும் அந்த ஒரே நிலத்தில் போட்டுவிடுவது, அடுத்த வருஷத்துக்கு விதையாக மட்டும். மற்ற பத்துப் பேருக்கும் செய்யாறு கடையிலிருந்து விதை வந்திருந்தது. அதற்கான தொகையை நான் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அம்மாளின் நிலம் கடை விதை போடுகிற அந்தப் பத்தில் ஒன்று. வரப்பில் பை பிரித்து வைத்திருந்தது. மருந்து தடவிய விதையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் எழுதியது போலவே இருந்தது. ரோஜாவும் சிவப்பும் கலந்த ஒரு நிறம், மிட்டாய் மாதிரி. நாக்கில் வைத்துப் பார்க்க யாரும் தேவைப்படாத சிவப்பு.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் பத்து ஜோடி ரப்பர் கையுறை வாங்கிப் போயிருந்தேன். கொடுத்தேன். ஒருத்தி மாட்டிக்கொண்டு மற்றவளின் கன்னத்தைத் தடவினாள். "டாக்டரம்மா வந்துட்டாங்கோ" என்று சிரித்தார்கள். ஆடி வெயில். கால் மணி நேரத்தில் உள்ளே வேர்த்து, விதை விரலுக்குள் நிற்காமல் ஒன்றுக்கு மூன்றாக விழுந்தது. ஒவ்வொருத்தியாகக் கழற்றி வரப்பில் போட்டார்கள்.

"கழட்டாதீங்கம்மா" என்றேன்.

"மத்தியானம் கழுவிக்கறோம் சார். நீங்கதான எழுதிக்கீறீங்கோ, கழுவணும்னு" என்றார் அந்த அம்மாள்.

மத்தியானம்வரை நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து, நகக்கண்ணெல்லாம் ஏறி இருந்தது. வேர்வையைத் துடைக்க அந்தக் கை நெற்றிக்குப் போகும்போதெல்லாம் என் கையும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. சோற்று வேளைக்கு அவர் ஊர் அடிபம்பில் கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அந்தக் கையால் எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன்.

மயிலாப்பூரிலும் குப்பத்திலும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மாமி இன்னொரு படி கேட்டு இரண்டு தரம் போன் செய்தார்.

ஆவணியில் இருபத்தைந்து நாள் மழை இல்லை. ஊர்க்கோடி நிலத்து மொச்சை நின்றது. கடை விதையில் பாதிக்கு மேல் வாடிவிட்டது. நின்றதற்குக் காய்ப்புழு வந்து, இரண்டு தடவை மருந்து அடித்தார்கள். தை மாதம் ஊர்க்கோடி நிலத்திலிருந்து இருபத்திரண்டு படி ஊத்துக்கோட்டைக்குத் திரும்பிப் போயிற்று. அது போகப் பதினொரு படியைச் செம்மண் பூசி விதைக்காகப் பானையில் வைத்தார்கள். மற்ற பத்துப் பேரின் மொச்சையை எங்கள் மேஜையில் வைக்க முடியவில்லை. மருந்து விதையில் விளைந்தது மேஜைக்கு வராது என்றுதான் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது. அதைச் செய்யாறு மண்டியில், கிடைத்த விலைக்குப் போட்டார்கள்.